ஐந்து மைக்ரோன்

பண்டாரவளையில், பஸ் பம்பருக்குக் குரோமியம் ஏற்றும் கடையின்
பின்கட்டில் என் தொட்டிகள்.
கவரிங் வளையல், கோயில் குடம், மண்டபத்துக் குத்துவிளக்கு:
மினுங்க வைப்பதற்குத்தான் எனக்குக் கூலி.

ஐப்பசியில் ஒரு நாள், நனைந்த உரச்சாக்கில் சுற்றி
வயர்லெஸ் திருத்தும் எமல்டா ஓர் அலுமினியப் பெட்டி கொண்டுவந்தாள்.
உள்ளே நான்கு அறைகள், அறைக்கொரு செப்புச் சுருள்.
லயன் காம்பரா மாதிரி, என்றேன். அவள் சிரிக்கவில்லை.
"இருபது வாட் ஊத்தினா பதினாலுதான் வெளியே வருது.
மிச்சம் ஆறும் இந்தச் சுவருக்குச் சூடு."

பெட்டி கண்ணாடிபோல் இருந்தது. என் முகம் தெரிந்தது.
கொழும்பில் யாரோ நிக்கல் போட்டிருந்தார்.
நிக்கல் அழகன்தான், ஆனால் காந்தத்துக்கு உறவுக்காரன்;
அலை அவன் வாசலிலேயே களைத்துப்போகும்.

இந்த வேகத்தில் மின்சாரம் உலோகத்துக்குள் இறங்காதாம்,
தோலிலேயே ஓடுமாம்.
எவ்வளவு தோல்?
ஐந்து மைக்ரோன்.
ஒரு முடியைப் பிடுங்கிப் பதினைந்தாய்ப் பிளந்தால் ஒரு கீற்று.

பொன் போடட்டுமா?
"செம்பைவிட மந்தம். காசும் இல்ல."
செம்போடு விடட்டுமா?
"உச்சியில மேகம் பெட்டிக்குள்ளயே குடியிருக்கும். பச்சை பிடிக்கும்."
வெள்ளி கறுக்குமே?
"கறுக்கட்டும். கறுப்பு மெல்லிசு, அலை அதைக் கண்டுக்காது.
ஆனா பளபளப்பு மருந்து மட்டும் போடாதீங்க."

பதினெட்டு வருடத்தில் முதல்முறை
மினுங்கவேண்டாம் என்று ஒருவர் காசு தருகிறார்.

நைட்ரிக்கில் நிக்கல் புகைந்து கரைந்தது, அலுமினியம் தப்பியது.
கீறல்களைத் தேய்த்தேன்: ஐந்து மைக்ரோன் ஓடுகிறவனுக்கு
ஒரு கீறலும் ஹப்புத்தளை ரோட்டு வளைவுதானே.
காரத்தில் கழுவி, தூக்கிப் பிடித்தேன்.
தண்ணீர் ஒரே தாளாய் நின்றால் சுத்தம்.
ஒரு மூலையில் கிழிந்தது. என் கட்டைவிரல் எண்ணெய்.
திரும்பவும் முதலிலிருந்து.

துத்தநாகம், மேலே செம்பு, அதற்கும் மேலே
வெண்ணெய்போல் ஒரு கணநேர வெள்ளி,
பிறகு பெரிய தொட்டி.
அறைகளின் உள்மூலைக்கு மின்சாரம் எட்டிப்பார்க்காது;
நான்கிலும் நடுவே மெல்லிய வெள்ளிக்கம்பி தொங்கவிட்டேன்,
இருட்டறைக்குள் பல்பு தொங்கவிடுவதுபோல.
ஒரு மணி நேரம். குறைந்த அம்பியர்.
அவசரப்பட்டால் ஓரம் கருகும்.

நாற்பதாவது நிமிடம் கரண்ட் போனது.

எங்கேயோ மரம் விழுந்திருக்கும்.
மெழுகுதிரி வெளிச்சத்தில் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
நின்றுபோன வெள்ளிமேல் மறுபடி ஏற்றினால்
வெங்காயத் தோல்போல் உரியும்.
எடுத்துக் கழுவி, அமிலத்தில் தொட்டு உசுப்பி,
கணநேர வெள்ளியை மறுபடி போட்டு,
விடியும்போது முடித்தேன்.
கழுவிய தண்ணீரை வழக்கம்போல் பீப்பாய்க்குள் ஊற்றிப் பூட்டினேன்;
கீழே ஓடை,
ஓடைக்குக் கீழே பிள்ளைகள் குளிக்கிற பீலி.

பெட்டி சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது.
முன்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்:
"என்ன பிளேட்டிங் இது, விபூதி பூசினமாதிரி?"

எமல்டா சுருள்களைப் பூட்டி, திருகு திருகாய் இசைத்தாள்.
இருபது ஊற்றினாள்.
ஊசி பதினாலைத் தாண்டி, பதினாறைத் தாண்டி,
பதினேழில் நின்றது.
பதினெட்டு வரும் என்றுதான் நினைத்திருந்தேன்.
அவள் ஒன்றும் சொல்லாமல் பேனாவை மூடினாள்.

இரண்டு நாள் கழித்து மழைக்குள் கடைவாசலில் நின்று
கைக்கருவியை என்னிடம் நீட்டினாள்.
மலைக்கு அந்தப் பக்கம், கீழ்ப்பிரிவில் மழைமானி பார்க்கும் தவமலர்:
"ஆறு மணி. நூற்றுப் பதினொரு மில்லிமீட்டர்.
மேட்டு லயத்து ஆட்களை ஸ்கூலுக்கு இறக்கிறோம்."

முன்பெல்லாம் இரைச்சலுக்குள் எண்ணைத் தேடவேண்டுமாம்.
இப்போது
அவள் மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது.